ஒரே சட்டம், இரண்டு விலை

அமெரிக்காவின் பெரிய கடைகளில் குழந்தைப் பால் பவுடர் அடுக்கியிருக்கும் வரிசைக்குள் நுழைகிற எவருக்கும் ஒரு சந்தேகம் எழும். கண்ணுக்கு நேரான தட்டில் சிமிலாக், என்ஃபமில் போன்ற பெயர்பெற்ற டின்கள் இருக்கும். அவற்றை ஒட்டியே கடை தன் சொந்தப் பெயரில் விற்கும் டின்னும் இருக்கும்: வால்மார்ட்டில் அது ‘பேரண்ட்ஸ் சாய்ஸ்’, டார்கெட்டில் ‘அப் அண்ட் அப்’, சாம்ஸ் கிளப்பில் ‘மெம்பர்ஸ் மார்க்’. இன்ன கம்பெனியின் இன்ன டின்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்ற வரியைக் கடை டின்னின் முகப்பிலேயே பார்க்கலாம். திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். விலை மட்டும் பல சமயம் கம்பெனி டின்னில் பாதியை ஒட்டி நிற்கும். அப்படியானால் மலிவாக விற்பவர் எதைக் குறைத்தார்?

இந்தச் சந்தேகத்தை அற்பமென்று தள்ள முடியாது. அரிசியையோ சோப்பையோ மலிவாக வாங்கி ஏமாந்தால் அடுத்த மாதம் வேறு வாங்கிக்கொள்ளலாம். புட்டிப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்த டின்தான் முழுச் சாப்பாடு. அதில் ஒரு சத்து குறைந்தால் ஈடுகட்ட வேறு உணவு இல்லை. எது குறைகிறது என்று சொல்லக் குழந்தைக்கு வாயும் இல்லை. எனவே விலையைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் அந்த அடையாளம் இங்கே சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. வசதிக்காகக் கடையின் சொந்தப் பெயரில் வருவதைக் கடை பிராண்டு என்றும், உற்பத்தியாளர் தன் பெயரில் விளம்பரம் செய்து விற்பதைக் கம்பெனி பிராண்டு என்றும் அழைப்போம்.

தொடங்கும் முன் ஒன்று. தாய்ப்பாலுக்கு ஈடான டின் எதுவும் கிடையாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் போதாத தாய்மார், சில மருந்துகள் எடுக்க வேண்டியவர்கள், தத்தெடுத்தவர்கள், வேலைக்குத் திரும்பியாக வேண்டியவர்கள் என்று பவுடர் தேவைப்படும் வீடுகளும் ஏராளம். இந்த அத்தியாயம் அந்த வீடுகளுக்கானது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது

பசும்பாலை அப்படியே கைக்குழந்தைக்குக் கொடுக்க முடியாது. 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் ஏறக்குறைய 1 கிராம்தான். அந்தப் புரதத்தையும் கூடவே வரும் உப்புகளையும் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது. பசும்பாலில் இரும்புச் சத்தோ மிகக் குறைவு. எனவே பால் பவுடர் தயாரிப்பவர்கள் கொழுப்பு நீக்கிய பாலை எடுத்து, அதில் பாலின் சர்க்கரையான லாக்டோஸைக் கூட்டி, பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுத்த எளிதில் செரிக்கும் புரதத்தைச் சேர்க்கிறார்கள். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காய், சோயா, சூரியகாந்தி, பனை எண்ணெய்களில் சிலவற்றைக் கலக்கிறார்கள். வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்த பிறகு கலவையைச் சூடாக்கி, நுண்ணிய துளிகளாகத் தெளித்து உலர்த்துகிறார்கள். சிமிலாக்காக இருந்தாலும் பேரண்ட்ஸ் சாய்ஸாக இருந்தாலும் அடிப்படைச் செய்முறை இதுதான்.

கடை பிராண்டு என்றதும் கடைக்காரர் எங்கோ ஒரு கொட்டகையில் மலிவாகக் கலந்து அடைப்பதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் விற்கும் கடை பிராண்டுப் பால் பவுடரின் பெரும்பகுதியைத் தயாரிப்பது பெரிகோ என்ற ஒரே நிறுவனம். ஒரே தொழிற்சாலையில் தயாராகும் பவுடர் பல கடைகளின் பெயரில் வெவ்வேறு டின்களில் போகிறது. 2022-ல் நெஸ்லேயிடமிருந்து விஸ்கான்சின் மாநிலத்துத் தொழிற்சாலையையும், ‘குட் ஸ்டார்ட்’ என்ற கம்பெனி பிராண்டை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் உரிமையையும் இதே பெரிகோ வாங்கியது. கடை பிராண்டு ஒரு தனி ஜாதிச் சரக்கு என்ற எண்ணத்தை இந்த ஒரு தகவலே அசைத்துவிடுகிறது.

சட்டம் பிறந்த கதை

இரண்டு டின்களும் இவ்வளவு ஒத்திருப்பதற்குக் காரணம் ஒரு துயரம். 1978-ல் சின்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தான் தயாரித்த இரண்டு சோயாக் குழந்தை உணவுகளில் உப்பைக் குறைத்தது. குழந்தை உணவில் உப்பு அதிகம் என்ற விமர்சனம் எழுந்திருந்த காலம் அது, நோக்கத்தில் தவறில்லை. ஆனால் சாப்பாட்டு உப்பில் சோடியத்தோடு குளோரைடும் இருக்கிறது. உப்பைக் குறைத்ததும் குளோரைடு தேவைக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு, எடை கூடாமல், பசியில்லாமல், இரத்தத்தில் காரத்தன்மை ஏறிய நிலையில் கைக்குழந்தைகள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லோரும் குடித்தது ஒரே உணவு என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டது பிறகு தெரியவந்தது. நாடறிந்த நிறுவனம், நன்கு விற்ற சரக்கு. குழந்தையைக் காக்க அந்தப் பெயர் போதவில்லை.

அதன் விளைவாக 1980-ல் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைப் பால் உணவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. இன்று அதன் கீழ் 30 சத்துகளுக்குக் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. 10 சத்துகளுக்கு அதிகபட்ச எல்லையும் உண்டு. குறையைப் போலவே மிகையும் கேடு என்பதால் அந்த இரண்டாவது எல்லை. குளோரைடுக்கு 100 கலோரிக்கு 55 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதி, 1978-ன் குழந்தைகள் விட்டுச் சென்ற பாடம். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதிக்க வேண்டும். புதிய கலவையைச் சந்தைக்குக் கொண்டுவர 90 நாள் முன்பே உணவு, மருந்து நிர்வாகத்துக்கு, அதாவது எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 2014-ல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், புதிய கலவையைக் குடித்த குழந்தைகள் சரியாக வளர்கிறார்களா என்பதைக் குறைந்தது 15 வாரம் அளந்து காட்டச் சொல்கின்றன. விலக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும்.

இந்த விதிகளில் கடை பிராண்டுக்கு ஒரு பத்தி, கம்பெனி பிராண்டுக்கு ஒரு பத்தி என்று பிரிவு கிடையாது. டின்னின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

ஒரு குழந்தையின் ஒரு நாள்

சட்டத்தின் எண்கள் ஒரு குழந்தையின் வயிற்றில் என்னவாகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ எடையுள்ள, ஏறக்குறைய இரண்டு மாதக் குழந்தை. எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்ற வழக்கமான கணக்கில் ஒரு நாளைக்கு 750 மில்லி குடிக்கும். கரைத்த பாலில் 100 மில்லிக்குச் சுமார் 67 கலோரி. ஆக நாளொன்றுக்கு 500 கலோரி. சட்டம் எல்லாவற்றையும் 100 கலோரிக்கு இவ்வளவு என்றே சொல்வதால், சட்டத்தின் எண்ணை ஐந்தால் பெருக்கினால் இந்தக் குழந்தைக்கு நிச்சயமாகக் கிடைப்பது தெரிந்துவிடும்.

புரதத்துக்குக் குறைந்தபட்சம் 1.8 கிராம், எனவே நாளைக்கு 9 கிராமுக்குக் குறையாது. குளோரைடு 275 மில்லிகிராமுக்குக் குறையாது. இரும்பில் சட்டத்தின் குறைந்தபட்சம் தாழ்வானது, 0.15 மில்லிகிராம்தான். ‘இரும்புச் சத்துடன்’ என்று டின்னில் போட வேண்டுமானால் 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கடை பிராண்டு, கம்பெனி பிராண்டு இரண்டிலும் வழக்கமாக இருப்பது 1.8 மில்லிகிராமை ஒட்டிய அளவு. ஆக நாளைக்குச் சுமார் 9 மில்லிகிராம். வைட்டமின் டி-க்கு 40 முதல் 100 அலகு வரை என்பது சட்டம். பல டின்களில் 60 முதல் 75 அலகு இருக்கும். நம் குழந்தைக்கு நாளைக்கு 300 முதல் 375 அலகு வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்லும் இலக்கு 400. ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும் வரை சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். டின்னின் பெயரால் இந்தக் கேள்வி தீர்வதில்லை. குழந்தை குடிக்கும் அளவால்தான் தீர்கிறது.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு மறுப்பு வைக்கலாம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தானே, கம்பெனி டின் அதற்கு மேலே போயிருந்தால் உசத்திதானே என்று. கூடுதல் என்றாலே உசத்தி என்ற இந்த எண்ணத்தை ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு சோதித்தது. ஐந்து நாடுகளில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் புரதம் குறைந்த பவுடரும் மறுபகுதிக்குப் புரதம் கூடிய பவுடரும் கொடுத்து வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு வயதில் கூடுதல் புரதம் குடித்தவர்களில் 10 சதவீதம் பேர் உடல் பருமனோடு இருந்தார்கள்; குறைந்த புரதம் குடித்தவர்களில் 4.4 சதவீதம்தான். அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்குள் புரதம் 1.8-லிருந்து 4.5 கிராம் வரை இருக்கலாம் என்பதால் இது கவனிக்க வேண்டிய விஷயம். டின்னின் பின்பக்கத்தில் 100 கலோரிக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். வழக்கமான டின்களில், இரண்டு வகையிலும், அது 2 கிராமை ஒட்டியே இருக்கும். சட்டத்தின் எல்லைக்குள் வித்தியாசம் இருக்க முடியும் என்பது உண்மை. அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது பின்பக்கத்துப் பட்டியல், முன்பக்கத்துப் பெயர் காட்டிக்கொடுப்பதில்லை.

அதே குழந்தைக்குப் பணக் கணக்கையும் போடலாம். 1 கிராம் பவுடர் சுமார் 5 கலோரி தரும். 500 கலோரிக்கு நாளைக்கு 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. டின்களின் எடை பலவிதமாக இருப்பதால் டின் விலையை ஒப்பிடக்கூடாது. எடைக்கு இவ்வளவு என்று வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். கணக்குக்காக, கம்பெனி டின் கிலோ 45 டாலர், கடை டின் 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு ஒன்றில் 135 டாலர், மற்றதில் 75. மாதம் 60, ஆறு மாதத்தில் 360 டாலர் மிச்சம். கையில் காசு தட்டுப்படும் குடும்பத்துக்கு இது வெறும் சிக்கனம் இல்லை. பவுடர் தீர்ந்துவிடுமே என்று கூடுதல் தண்ணீர் விட்டுக் கரைக்கும் ஆபத்தான பழக்கம் விலை தாங்காத வீடுகளில்தான் தலையெடுக்கிறது. அப்படி நீர்த்த பாலால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். விலையே ஒரு சத்துப் பிரச்சினையாக மாறும் இடம் இது.

முன்பக்கத்து வாக்குறுதிகள்

சட்டம் கேட்காத சில பொருள்களையும் டின்களில் சேர்க்கிறார்கள்; முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இவைதான். இவற்றில் மிகப் பிரபலமானது டிஹெச்ஏ. இது மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருக்கும் ஒரு கொழுப்பு. தாய்ப்பாலில் இயல்பாக இருக்கிறது. 2002-ல் இது சேர்த்த பவுடர் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கடை பிராண்டுகளும் விரைவிலேயே சேர்த்துவிட்டன. ஆனால் என்ஃபமில் தயாரிப்பாளரான மீட் ஜான்சன் பெற்றோருக்கு அனுப்பிய விளம்பரத் தபாலில், தங்கள் டின்னுக்கு மட்டுமே மூளை, கண் வளர்ச்சிக்கான சான்று உண்டு என்ற பொருள் வந்தது. கடை பிராண்டு தயாரித்த பி.பி.எம். நிறுவனம் வழக்குப் போட்டது. இரண்டு டின்களிலும் இருந்தது ஒரே சப்ளையரிடம் வாங்கிய அதே கொழுப்பு. 2009-ல் நடுவர் குழு அந்த விளம்பரம் பொய் என்று தீர்ப்பளித்து 1 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பி.பி.எம். இப்போது பெரிகோவின் கையில் இருக்கிறது.

இரண்டிலும் அதே பொருள் இருக்கிறது என்பது ஒரு புறம். அந்தப் பொருளால் நிறைமாதக் குழந்தைக்கு உண்மையில் என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. பல சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 2017-ல் சொன்ன முடிவு, நிறைமாதக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலோ பார்வையிலோ சீரான பயன் எதுவும் தெரியவில்லை என்பதே. 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. கைக்குழந்தையாக இருந்தபோது பால் பவுடர் சோதனைகளில் சேர்க்கப்பட்ட 1,763 பேரின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை இங்கிலாந்து ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள். மேம்படுத்தியதாகச் சொல்லப்பட்ட எந்தப் பவுடரும் 16 வயதில் கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. டிஹெச்ஏ வகைக் கொழுப்புகள் சேர்த்ததைக் குடித்தவர்கள் 11 வயதுத் தேர்வில் சற்றுக் குறைவாகவே எடுத்திருந்தார்கள்.

எல்லாச் சேர்மானத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைப் பிரித்தெடுத்துச் சில விலை உயர்ந்த பவுடர்களில் சேர்க்கிறார்கள். இதைக் கொழுப்புத்துளி உறை என்று சொல்லலாம். ஸ்வீடனில் நடந்து 2014-ல் வெளியான சோதனையில், இந்த உறை சேர்ந்த பவுடரைக் குடித்த குழந்தைகள் ஒரு வயதில் அறிவு வளர்ச்சித் தேர்வில் 4 புள்ளி கூடுதலாக எடுத்தார்கள். ஆர்வமூட்டும் முடிவுதான். ஆனால் அதே குழந்தைகளை ஆறரை வயதில் மறுபடி சோதித்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. நாளைக்கு இன்னும் வலுவான சான்று வரலாம். வந்தால் அந்தக் குறிப்பிட்ட பொருளுக்காகப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கும். அப்போதும் அது எந்த டின்களில் இருக்கிறது என்று பட்டியலில்தான் தேட வேண்டும்.

விலை எங்கே போகிறது

சத்தில் வித்தியாசம் இல்லையென்றால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் விடை எல்லோரும் ஊகிக்கக்கூடியது: விளம்பரம், மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாதிரி டின்கள், மருத்துவர்களைச் சந்திக்கும் விற்பனைப் பிரதிநிதிகள். கடை பிராண்டுக்கு இந்தச் செலவு கிடையாது. பக்கத்து டின்னின் விளம்பரமே அதற்கும் உதவுகிறது.

இரண்டாவது விடை அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாதது. ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உணவு தரும் ‘விக்’ என்ற அரசுத் திட்டம் அமெரிக்காவில் 1970-களிலிருந்து நடக்கிறது. நாட்டில் செலவாகும் பால் பவுடரில் ஏறத்தாழப் பாதி இந்தத் திட்டத்தின் வழியாகப் போகிறது. 1989 முதல் மாநிலங்கள் இதற்காகப் போட்டி ஏலம் நடத்த வேண்டும். அதிகத் தள்ளுபடி தரும் கம்பெனிக்கு மட்டுமே அந்த மாநில ஒப்பந்தம். வெல்லும் கம்பெனி மொத்த விலையில் பெரும்பகுதியை அரசுக்கே திருப்பித் தருகிறது. இவ்வளவு விட்டுக்கொடுத்தும் ஏன் போட்டி போடுகிறார்கள்? ஒப்பந்தம் பெற்ற பிராண்டைக் கடைகள் முன்தட்டில் நிறைக்கின்றன. மருத்துவமனைகளும் அதையே பழக்கத்தில் எடுக்கின்றன. அதைப் பார்த்துத் திட்டத்துக்கு வெளியே இருக்கும் பெற்றோரும் முழு விலை கொடுத்து அதையே வாங்குகிறார்கள். அந்த முழு விலை, டின்னுக்குள் இருக்கும் பாலின் அடக்கவிலையைக் காட்டும் எண் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

கம்பெனிகள் ஆராய்ச்சிக்குச் செலவு செய்கின்றன, கடை பிராண்டு அதன் பலனை இலவசமாக அனுபவிக்கிறது என்ற வாதமும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. புதுச் சேர்மானங்களை முதலில் சோதிப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளே. குழந்தை உணவு ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அதற்கான நிதியை, சான்று வரும் முன்பே வாக்குறுதியை நம்பி வாங்கும் பெற்றோரிடம் வசூலிப்பது சரியான வழியாகத் தெரியவில்லை. 15 நாடுகளில் விற்கும் பால் பவுடர்களின் ஆரோக்கிய வாக்குறுதிகளை அலசி 2023-ல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றுக்கு எந்த அறிவியல் மேற்கோளும் தரப்படவில்லை என்று தெரிந்தது.

பெயர் பாதுகாப்பு தருமா

மலிவு என்றதும் பலர் நினைவுக்கு வருவது 2008-ல் சீனாவில் நடந்த கொடுமை. பாலில் தண்ணீர் கலந்து, அது சோதனையில் தெரியாமலிருக்க மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். புரதம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை உண்மையில் நைட்ரஜனை அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் அதிகம். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், ஏறக்குறைய 3 லட்சம் பேர் நோயுற்றார்கள். சான்லு என்ற நிறுவனம் இதன் முகமாக நினைவில் நிற்கிறது. ஆனால் சோதித்தபோது மெலமைன் இருந்தது 22 நிறுவனங்களின் சரக்கில். நாட்டின் மிகப் பெரிய பால் பெயர்களும் அவற்றில் அடக்கம். அங்கே தோற்றது மேற்பார்வை.

அமெரிக்காவிலும் அதே பாடம்தான். 2022 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸில் உள்ள அபாட் தொழிற்சாலையில் தயாரான சிமிலாக் உள்ளிட்ட பவுடர்கள் திரும்பப் பெறப்பட்டன. குரோனோபாக்டர் என்ற கிருமி தொழிற்சாலைக்குள் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பவுடர்களைக் குடித்த சில குழந்தைகளுக்கு வந்த நோய்க்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் நேர்த் தொடர்பு நிரூபணமாகவில்லை. ஒரு தொழிற்சாலை மூடியதில் நாடே தட்டுப்பாட்டில் சிக்கி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் பவுடர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. மூன்று தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: என்ஃபமில் தயாரிப்பாளர், பெரிகோ, விலை உயர்ந்த பைஹார்ட். 2025 நவம்பரில் அந்த பைஹார்ட் பவுடரோடு தொடர்புடைய பொட்டுலிசம் நோய் குழந்தைகளிடம் பரவி, சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. கடை பிராண்டு தயாரிப்பாளரும் குற்றமற்றவரல்ல என்பதை இந்தப் பட்டியலே சொல்கிறது. விலை ஏறினால் கிருமி குறையும் என்பதற்கு மட்டும் இதில் எந்தச் சான்றும் இல்லை.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

இதுவரை சொன்னது நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு. குறைமாதக் குழந்தைக்குத் தனிக் கலவை வேண்டும். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் புரதத்தை மிக நுண்ணிதாக உடைத்த பவுடரோ அமினோ அமிலப் பவுடரோ தேவை. ‘ஜென்டில்’ என்ற பெயரில் வரும், புரதத்தை ஓரளவு மட்டும் உடைத்த டின் இதற்கு உதவாது. கேலக்டோஸை உடைக்க முடியாத பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு லாக்டோஸ் உள்ள எதுவும் ஆகாது. இவர்களுக்கு மருத்துவர் சொன்ன டின்னை அவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. மற்ற குழந்தைகளுக்கு மாற்றத் தடையில்லை. 2022 தட்டுப்பாட்டின்போது, கடை பிராண்டு உட்பட எது கிடைக்கிறதோ அதற்கு மாறலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே பெற்றோருக்குச் சொன்னது. மாறிய சில நாள் மலத்தின் நிறமும் இறுக்கமும் மாறலாம். பசும்பால் டின்னிலிருந்து அதே வகைப் பசும்பால் டின்னுக்கு மாறினால் பயப்பட ஏதுமில்லை. இரத்தம் கலந்த மலம், விடாத வாந்தி, தடிப்பு கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கரண்டியில் இருக்கும் ஆபத்து

டின்னை மாற்றும்போது உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் உள்ளே கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டி. கடல் தாண்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கும் பவுடர்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்பது வழக்கம். அந்தக் கரண்டி ஐந்து கிராமுக்கும் குறைவாகவே பிடிக்கும். அமெரிக்க டின்களில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி. அது 9 கிராமை ஒட்டிப் பிடிக்கும். பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ வரும் பாட்டி, பழகிய கணக்கில் அமெரிக்கக் கரண்டியால் 30 மில்லிக்கு ஒன்று போட்டால் பால் இருமடங்கு கெட்டியாகிவிடும். உப்பும் புரதமும் இரட்டித்துக் குழந்தையின் உடல்நீர் வற்றும். மறுபுறம், இந்தியாவிலிருந்து கொண்டுபோன டின்னுக்கு அமெரிக்கக் கணக்கைப் போட்டால் பால் பாதியாக நீர்த்துவிடும். ஒரே நாட்டுக்குள்ளும் பிராண்டுக்குப் பிராண்டு கரண்டியின் அளவு சற்று மாறும். பழைய கரண்டியை வைத்துக்கொண்டு புது டின்னை அளக்கக்கூடாது. முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டிப் பவுடர்.

பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த, குறைமாதத்தில் பிறந்த, நோய் எதிர்ப்பு குன்றிய குழந்தைகளுக்கு, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக் கொடுப்பது பாதுகாப்பு. தயாராகவே வரும் திரவப் பால் கிடைத்தால் அது இன்னும் நல்லது. கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை வாய்வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தோடு சரி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திறந்த டின்னை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தச் சில வரிகளுக்கு இருக்கும் மதிப்பு டின்னின் முன்பக்க வாசகங்களுக்கு இல்லை.

தெரிந்தவர்கள் எதை வாங்குகிறார்கள்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தலைவலி மாத்திரை வாங்குவோரைக் கவனித்தது. பொதுமக்கள் வாங்கியவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெயர்பெற்ற பிராண்டு. மருந்தாளுநர்கள் தங்களுக்கென்று வாங்கியபோது அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது. உள்ளே இருப்பது என்னவென்று அறிந்தவர்கள் பெயருக்குப் பணம் கொடுப்பதில்லை. பால் பவுடரில் அந்த அறிவு பெற்றோரைச் சேர்வதே இல்லை, சேர்வது விளம்பரம். பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் 2025-ல் இதே முடிவுக்கு வந்தது. எல்லா முதல்நிலைப் பவுடரும் குழந்தையின் சத்துத் தேவையைப் பூர்த்திசெய்கின்றன, விலை குறைந்த பிராண்டுக்கு மாறினால் முதல் ஆண்டில் சுமார் 300 பவுண்டு மிச்சமாகும் என்றது. பெற்றோருக்கு இதை மருத்துவமனையிலும் கடையிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

குழந்தைக்குப் போய்க் கணக்குப் பார்க்கலாமா என்று உறவினர் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்கு, சட்டத்துக்கு உட்பட்டுத் தயாரான கடை பிராண்டு போதும். வாங்கும்போது பின்பக்கத்தில் புரதத்தையும் இரும்பையும் பாருங்கள். காலாவதித் தேதியையும், திரும்பப் பெறப்பட்ட தொகுதிகளின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மிச்சமாகும் பணம் உங்களுடையது. அத்தோடு, அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது: தொழிற்சாலைகளை அடிக்கடி சோதிக்கட்டும், முடிவுகளை வெளியிடட்டும், சான்றில்லாத வாக்குறுதியை டின்னிலிருந்து அகற்றட்டும். 1980-ன் சட்டம் கம்பெனிகளின் நல்ல மனத்தால் வரவில்லை, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகக் கேள்வி கேட்டவர்களால் வந்தது. அந்தக் கேள்விகள் தொடரும்வரைதான் எந்த டின்னையும் நம்பி எடுக்க முடியும்.